தகரக் கொட்டகையில் ஒரு கப்பல்

மத்திகிரி கூட்ரோட்டிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில் பழைய கிரானைட் பாலீஷ் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே கல் வேலை நின்று நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மெஷின்களையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தரையில் மட்டும் வெள்ளைப் பொடி, எத்தனை கழுவியும் போகாமல் படிந்து கிடந்தது. அந்த ஐப்பசியில் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, உள்ளே பிளைவுட் தடுப்புகள் அடித்து, ஒரு கப்பல் நிலையம் கட்டினார்கள்.

பயிற்சிக்காகக் கட்டியதுதான். ஆனால் பார்க்க அசலாக இருந்தது. நுழைந்ததும் டிக்கெட் பார்க்கிற மேசை. அதைத் தாண்டி பெட்டிகளை விழுங்கி மறுபக்கம் தள்ளுகிற எக்ஸ்ரே மெஷின். பக்கத்தில் கதவில்லாத வெறும் நிலை மாதிரி மெட்டல் டிடெக்டர். பெண்களைத் தடவிப் பார்க்கத் திரை போட்ட சின்ன அறை. அதற்கப்புறம் சிவப்புக் கம்பளம் விரித்த மரச்சரிவு. சரிவு ஏறி முடிகிற இடத்தில் கொட்டகையின் பின்சுவர். பேனர் எழுதுகிற ஆள் ஒருவன் அதில் நீலம் அடித்து அலை வரைந்திருந்தான். மீன் செதில்போல ஒன்றுக்கு மேல் ஒன்றாக அலைகள்.

கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் கடல் இல்லாத ஊர் அது. பயிற்சிக்கு வந்த முதல் நாள் பேச்சியம்மாள் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். கையில் நீலம் ஒட்டியது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கிறவரை அது விரலில் இருந்தது.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமான மறு வருஷமே புருஷன் மூர்த்தியோடு ஓசூருக்கு வந்தவள். மூர்த்திக்கு வண்டி உதிரிபாகம் கடைகிற ஒரு யூனிட்டில் மெஷின் ஆபரேட்டர் வேலை. அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாக ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வாசலில் லேடி கார்டு வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களைக் கையால் தடவிச் சோதித்து அனுப்ப வேண்டும். ஒரு ஷிப்டுக்கு நானூறு பெண்கள். ஓசூர்க் குளிரில் கை ஐஸ் மாதிரி இருக்கும் என்பதால், தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துக்கொள்வாள். யார் மெலிந்துவிட்டாள், யார் முதுகில் புதுக் காயம், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதெல்லாம் கைக்குத் தெரியும். வாய் எதையும் சொன்னதில்லை. பெண்கள்தான் அந்த மூன்று நொடிக்குள், "அக்கா, நேத்து பொண்ணு பாத்துட்டுப் போனாங்க", "அக்கா, அம்மாவுக்குச் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

புரட்டாசியில் அந்த வாசலில் ஆளை முழுசாகப் படம் பிடிக்கிற மெஷின் ஒன்று வந்து இறங்கியது. எட்டு லேடி கார்டுகளில் இரண்டு பேர் போதும் என்றானது. மீதிப் பேருக்கு ஏஜென்சி ஒரு வழி சொன்னது. சென்னைத் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் சீசன் தொடங்குகிறது. கப்பல் ஏற வருகிற பயணிகளைச் சோதிக்கப் பெண்கள் வேண்டும். மூன்று வாரப் பயிற்சி, கடைசியில் பரீட்சை. தேறினால் ஆறு மாதம் அங்கே வேலை. தேறாவிட்டால் நின்றுகொள்ளலாம்.

இதை வீட்டில் சொன்னபோது மகள் தர்ஷினி புத்தகத்தை மூடி வைத்தாள். அவள் பிளஸ் டூ.

"கப்பலுக்கெல்லாமா செக்கிங் இருக்கு?"

"ஏரோப்ளேனுக்கு இருக்குல்லா, அதே மாதிரிதான். மூவாயிரம் பேரு ஏறுவாவளாம். உள்ள நீச்சல் குளமே இருக்காம்."

"கடல்ல போற கப்பலுக்குள்ள எதுக்கும்மா நீச்சல் குளம்?"

"அத நான் என்னத்தக் கண்டேன்."

மூர்த்தி தட்டைப் பார்த்தபடி கேட்டார். "யாரு செக் பண்ணுவா? போலீசுல்லா பண்ணுவான்?"

"அதத்தான் நானும் கேட்டேன். நாளைக்குச் சொல்லித் தருவாவளாம்."

"போய்ப் பாரு," என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் அப்படித்தான் இருந்தார். அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது வழக்கமான ஆயில் வாசம் இல்லாததைப் பேச்சியம்மாள் கவனித்தாள். மெஷினை விட்டுக் குவாலிட்டி செக்ஷனுக்கு மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பயிற்சி கொடுத்தவர் பெயர் சென்னகிருஷ்ணன். தேன்கனிக்கோட்டைப் பக்கம். துறைமுகக் காவலில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மூர்த்தி கேட்ட அதே கேள்வியைத்தான் முதல் வகுப்பில் அவர் போர்டில் எழுதினார்: பயணியை யார் சோதிப்பது?

"எல்லாரும் ஒருத்தர்தான்னு நெனைச்சிக்கினு இருக்காங்க. அப்பிடி இல்லம்மா. மூணு கை மாறுது. வெளி கேட்டுல துப்பாக்கி வச்சிக்கினு நிக்கிறது சர்க்கார் படை. அவங்க துறைமுகத்துக்குக் காவல். உள்ள ஹால்ல பெட்டியையும் ஆளையும் பாக்கிறது நம்மள மாதிரி, நிலையத்துக்காரங்க வச்ச ஆளுங்க. அப்புறம் கப்பல் படியில கப்பல்காரனே இன்னொரு தரம் பாப்பான். ஒவ்வொரு துறைமுகத்துல ஒவ்வொரு மாதிரி. நம்ம காண்ட்ராக்ட்ல இதுதாங்க."

"அப்ப நம்ம நடுக் கையா சார்?" என்றாள் சரிதா. குருபரப்பள்ளிப் பெண், பேச்சியம்மாளோடு ஒரே வாசலில் நின்றவள்.

"நடுக் கைதான். முன்னாடி நிக்கிறவன் பெட்டியத் தெறக்கமாட்டான். பின்னாடி நிக்கிறவன், ஏற்கெனவே பாத்திருப்பாங்கன்னு கொஞ்சம் அசந்திருப்பான். அதனால நீங்கதான் பாக்கணும்."

எக்ஸ்ரே திரையில் நிறங்கள் தெரிந்தன. சோறு, துணி, மரம், சோப்பு எல்லாம் ஆரஞ்சு. இரும்பு நீலம். இரண்டுக்கும் நடுவில் உள்ளவை பச்சை. ஊடுருவ முடியாத கனம் என்றால் கறுப்பு. மற்றவர்கள் மனப்பாடம் செய்தார்கள். பேச்சியம்மாளுக்கு அது வேறு மாதிரி ஏறியது. அடுப்படியை யாரோ கண்ணாடியால் செய்து வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஒரு பெட்டிக்குள் சீப்பு, ஊறுகாய் பாட்டில், குடை, செருப்பு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக, எடையே இல்லாமல் மிதந்து போயின.

இரண்டாவது வாரம் அது திரையை விட்டு வெளியே வந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள். எதிரே நிற்கிறவளின் கட்டைப்பை ஆரஞ்சாகத் தெரியும், உள்ளே சாவிக்கொத்து நீலமாக. காலைப் பனிக்குள் கால்நடைப் பண்ணை மாடுகள் போகும்போது, ஒவ்வொன்றும் பெரிய ஆரஞ்சு உருவமாக, கழுத்தில் ஒரு துளி நீலத்தோடு நகர்ந்தது. வீட்டுக்கார மாரம்மா வாசலில் ரோஜாக் கட்டு கட்டிக்கொண்டிருந்தாள். பூவெல்லாம் கண்ணுக்கு மறைந்துபோய் கத்திரி மட்டும் தெரிந்தது.

"ஏன் பேச்சிம்மா, நடந்துனே தூங்குற?" என்றாள் மாரம்மா. பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுகிறவள். "ஊட்டா ஆயித்தா? சாப்ட்டியா?"

"ஆச்சும்மா. கண்ணுக்குள்ள எல்லாம் மெதக்குது."

"சமுத்திரம் வந்துட்டுது உன் கண்ணுல. இன்னும் அங்க போகவே இல்ல, அதுக்குள்ளே."

கொட்டகையில் பயணிகளும் இருந்தார்கள். காலையில் இருபது பேர் வருவார்கள். வேலை இல்லாதவர்கள், பென்ஷன்காரர்கள், சந்தைக்கு வந்துவிட்டு நேரம் போகாதவர்கள். ஏஜென்சி அவர்களுக்குக் கோட்டு, தொப்பி, சக்கரம் வைத்த பெட்டி எல்லாம் கொடுத்து, ஒரு அட்டையில் பேரும் கேபின் நம்பரும் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடும். சில பெட்டிகளில், சில நேரம் அவர்கள் கொண்டுவந்த சொந்தப் பைகளிலும், சோதனைக்கென்று பொம்மைத் துப்பாக்கியோ கத்தியோ ஒளித்து வைத்திருப்பார்கள். அவர்கள் வரிசையில் வந்து, கையைத் தூக்கி நின்று, கம்பளத்தில் ஏறி, நீலச் சுவர் வரை போய்த் திரும்பி, மறுபடி வேறு பெட்டியோடு வருவார்கள். காலையில் ஒரு பேட்ச், மத்தியானம் ஒரு பேட்ச். பெண்களுக்கு எப்போதும் மத்தியான பேட்ச்தான்.

பரீட்சை அன்று மட்டும் மத்தியானம் கரண்ட் கட் என்று, மூர்த்தியும் தர்ஷினியும் கிளம்பிப் போனபிறகு போன் செய்து, பெண்களைக் காலையிலேயே வரச் சொல்லிவிட்டார்கள்.

தூறிக்கொண்டிருந்தது. தகரத்தில் மழை விழும் சத்தத்தில் கொட்டகை முழுக்க ஒரே இரைச்சலாக, தூரத்தில் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது. பேச்சியம்மாள் திரைக்கு முன் உட்கார்ந்தாள். பின்னால் சென்னகிருஷ்ணன் அட்டையும் பேனாவுமாக நின்றார். பெட்டிகள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் ஷூவுக்குள் பொம்மைத் துப்பாக்கி. நிறுத்தினாள். அவர் டிக் அடித்தார்.

ஒன்பதாவதாக ஒரு தோள்பை வந்தது. திரையில் உருண்டையான சோற்று டப்பா, மங்கின நீலத்தில். அதன் கைப்பிடியில் கறுப்பாகக் கட்டையாக ஒரு போல்ட்.

அந்த போல்ட்டை அவளுக்குத் தெரியும். டப்பாவின் கைப்பிடி கழன்றபோது மூர்த்தி கம்பெனியிலிருந்து எடுத்து வந்து மாட்டியது. அளவு பெரிதாகிவிட்டது என்று சிரித்திருந்தார்கள். உள்ளே புளிச்சாதம். அதன் மேல் காலையில் அவளே உரித்து வைத்த முட்டை, பனிக்குள் தெரிகிற சூரியன் மாதிரி மங்கலான ஒரு வட்டம்.

பெல்ட்டை நிறுத்தும் பட்டனில் அவள் விரல் தானாகப் போய் அழுந்தியது. தலையை நிமிர்த்தினாள். நிலைக்கு அந்தப்பக்கம், சாம்பல் நிறக் கோட்டும் வைக்கோல் தொப்பியுமாக மூர்த்தி நின்றுகொண்டிருந்தார். கழுத்து அட்டையில் 'மிஸ்டர் டிசோசா, கேபின் 7014'.

அவரும் பார்த்துவிட்டார். தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று.

"ஏன் நிறுத்தினீங்கம்மா?" என்றார் சென்னகிருஷ்ணன்.

அவள் திரும்பவும் திரையைப் பார்த்தாள். சோறு அவள் வைத்தது. முட்டை அவள் வைத்தது. ஓரத்தில் ஸ்பூன், அதுவும் அவள் வைத்ததே. டப்பாவுக்கு அடியில் மயிரிழை மாதிரி ஒரு நீலக் கோடு நின்றது. அதை அவள் வைக்கவில்லை.

"டப்பாவுக்கு அடியில கத்தி ஒண்ணு செங்குத்தா நிக்குது சார்."

"சரி. ஆளக் கூப்பிட்டு விசாரிங்க."

பேச்சியம்மாள் எழுந்தாள். பயிற்சியின் முதல் வாரமே சொல்லிக் கொடுத்த விதி ஒன்று உண்டு. சொந்தக்காரரோ வேண்டியவரோ வரிசையில் வந்தால் உடனே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் சோதிப்பது குற்றம், சோதிக்காமல் விடுவதும் குற்றம். வரிசையில் இருபது பேர் நின்றார்கள். சரிதா நின்றாள். மழை சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தெரிஞ்ச ஆளாம்மா?" என்றார் சென்னகிருஷ்ணன், அவள் முகத்தைப் பார்த்து.

"எங்க வீட்டுக்காரர் சார்," என்றாள். "நான் ஒதுங்கிக்கிடுதேன். வேற ஆள வச்சுப் பாத்துக்கிடுங்க."

மூர்த்தி தோள்பையை எடுக்கக்கூட நிற்கவில்லை. தொப்பியும் கோட்டுமாக மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

பதினோரு மணிக்கு அவளை விட்டார்கள். முதலில் வீட்டுக்குப் போனாள். பூட்டிக் கிடந்தது. மூர்த்தியின் யூனிட்டில் கூட வேலை பார்த்த ஒருவருக்குப் போன் போட்டாள். அவர் தயங்கி, "உங்களுக்குத் தெரியாதாம்மா? அந்த லைனையே மூடிட்டு வேற ஸ்டேட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. காண்ட்ராக்ட் ஆளுங்க எல்லாரையும் அனுப்பியாச்சே," என்றார். குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். கால்நடைப் பண்ணையின் முள்கம்பி வேலியோரம், சின்னப் பாலத்தின் கட்டைச்சுவரில் சாம்பல் கோட்டு தூரத்திலேயே தெரிந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குடையை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தாள். வேலிக்கு அப்பால் பனியும் தூறலும் கலந்து புல்வெளி முடிகிற இடம் தெரியவில்லை. மாடுகள் பாதி தெரிந்தும் தெரியாமலும் நின்றன.

"சாப்ட்டியளா?"

"டப்பா அங்கல்லா கெடக்கு. கத்தியோட சேத்து வச்சிருப்பாவ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எத்தன நாளாச்சு?"

"இருவத்தாறு."

"இருவத்தாறு நாளும் எங்க உக்காந்து சாப்ட்டிய?"

"மலைக்கோயில் படியில. அங்கேருந்து பாத்தா ஊரு பூராத் தெரியும். நம்ம கம்பெனிக் கூரையும் தெரியும். பன்னெண்டரைக்குச் சைரன் ஊதுவான். அப்பத்தான் டப்பாவத் தெறப்பேன்."

"ஏங்க, அதுக்கு முன்ன பசிச்சா?"

"பசிக்கத்தான் செய்யும். ஆனா சைரன் ஊதாம எப்படித் திங்க?"

அவள் குடையை அவர் பக்கம் சாய்த்தாள். மூர்த்தி ஆரம்பித்தார், கோபமாக.

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன பேச்சி? தலைய ஆட்டுனேன்லா. அத்தன பேரு முன்னால வீட்டுக்காரர்ங்க. எல்லாவனும் திரும்பிப் பாக்கான்."

"ரூல்ஸு அது."

"என்ன பெரிய ரூல்ஸு. பொம்மக் கப்பலு, பொம்மக் கத்தி."

"ரூல்ஸுக்காகவும் சொல்லல," என்றாள் அவள். "உங்களப் பாத்து இது யாரு தெரியுமான்னு கேட்டா, நான் எப்படித் தெரியாதுன்னு சொல்லுவேன்? எனக்கு வாய் வரல."

மூர்த்தி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எங்கிட்டச் சொல்லதுக்கு என்ன?" என்றாள்.

"டெய்லி சொல்லணும்னுதான் வருவேன். நீ வந்து ஆரஞ்சும்ப, நீலம்ப. மூவாயிரம் பேரும்ப. பத்தொம்பது வருசத்துல உன்ன நான் அப்படிப் பாத்ததே இல்ல. எனக்கு வேலை போயிட்டுன்னு சொன்னா, நீ சோத்துக்காகப் போறவ ஆயிருவ. இப்ப நீ ஆசப்பட்டுல்லா போற? அது அப்படியே இருக்கட்டும்னு நெனச்சேன்."

பேச்சியம்மாள் குடையின் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ஆசப்பட்டும் போறேன், சோத்துக்கும் போறேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்கலியே."

"எனக்கு இடிச்சுது."

"அங்க எப்படிப் போய்ச் சேந்திய?"

"பஸ் ஸ்டாண்டுல ஒட்டியிருந்தான், பயணியா நடிக்க ஆள் வேணும்னு. நீ மத்தியானம்தான் வருவன்னு தெரியும். காலைல வந்துட்டு பன்னெண்டுக்குள்ள போயிருவேன். ஒம்பது நாளு." அவர் குரல் இறங்கியது. "சிரிக்கப்பிடாது. அந்த மரச்சரிவு இருக்குல்லா, அதுல ஏறுதப்ப கம்பளம் காலுக்கு மெத்துன்னு இருக்கும். சுவரு வரதுக்கு நாலு எட்டுக்கு முன்னால கண்ண மூடிக்கிடுவேன். தகரத்துல காத்து வேற அடிக்கும். ஒரு செகண்டு, உள்ளேயே போயிட்ட மாதிரி இருக்கும். டிசோசாவுக்கு ஜன்னல் வச்ச ரூம். அவனுக்கு ஒரு கவலையும் கெடையாது. அப்புறம் கண்ணத் தெறந்தா சுவரு. திரும்பி வந்து அடுத்த பெட்டிய எடுப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. அவர் தோளில் ஈரக் கோட்டின் மேல் கையை வைத்தாள். பன்னிரண்டு வருஷம் பழகிய கை. அவர் எவ்வளவு மெலிந்திருக்கிறார் என்று அதற்கு அப்போதுதான் தெரிந்தது. ஊரில் உள்ள பெண்களையெல்லாம் தொட்டுப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவளுக்கு வீட்டில் இருப்பவர் மெலிந்தது தெரியவில்லையே என்று நினைத்தபோது கண் கலங்கியது.

"எந்திரிங்க. வீட்டுல மிச்சப் புளிச்சாதம் இருக்கு."

எழுந்து நடக்கும்போது மூர்த்தி சொன்னார், "புள்ளைட்ட மட்டும் சொல்லாத. பரீட்சைக்குப் படிக்கா."

"நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"ம்."

"ம்னா?"

"சொல்லுதேன் போ."

மறுநாள் காலை சென்னகிருஷ்ணன் பைக்கில் வந்து இறங்கினார். கழுவித் துடைத்த டப்பாவும், ஒரு கவரும் கொண்டுவந்திருந்தார். மூர்த்தி உள்ளே போகப் பார்த்தார். "இருங்க டிசோசா சார், தொப்பியும் கோட்டும் வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்," என்று அவர் சொன்னதும் மூர்த்திக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பாஸாங்க சார்?" என்றாள் பேச்சியம்மாள்.

"கத்தியக் கண்டுபுடிச்சதுக்கு முப்பது மார்க்கும்மா. அத இன்னும் நாலு பேரு கண்டுபுடிச்சாங்க. ஒதுங்கிக்கிறேன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் நான் மேல எழுதி அனுப்பினேன். முப்பது வருசத்துல நான் ஒரு தரம் எங்க மாமனாருக்காகச் சும்மா இருந்திருக்கேன். பெட்டியில ஒண்ணும் இல்ல. ஆனா இன்னிக்கும் அது என்னாவோ மாதிரிதான் இருக்குது." கவரை நீட்டினார். கார்த்திகை கடைசியில் வேலையில் சேர வேண்டும் என்றிருந்தது.

வேலையில் சேர்வதற்கு முன் இருந்த மூன்று வாரமும் வீடு தலைகீழாக இருந்தது. மூர்த்தி காலையில் யூனிட் யூனிட்டாக ஏறி இறங்கினார். மத்தியானம் வந்து சமைக்கக் கற்றுக்கொண்டார். குழம்பு தீய்ந்தது. சாம்பார் ஒரு நாள் ரசமாயிற்று. தர்ஷினியிடம் 'ஷிப்ட் மாத்திட்டாங்க' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். அவளும் கேள்வி கேட்கவில்லை. மாரம்மா ஒரு நாள் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஏனுப்பா மூர்த்தி, இது புளியா, பெங்கியா, நெருப்பா?" என்றாள். பிறகு உள்ளே வந்து ராகிக் களி கிண்டுவது எப்படி என்று கரண்டியைப் பிடுங்கிக் காட்டினாள். "நீ போம்மா, வீட்ட நான் நோடிக்கிறேன்," என்று பேச்சியம்மாளிடம் சொன்னாள். "சமுத்திரத்துல கால் நனைச்சா எனக்காக ஒரு சொட்டு."

கிளம்புகிற அன்று மூர்த்தி பஸ் ஸ்டாண்டு வரை பெட்டியைத் தூக்கி வந்தார். பஸ் நகர்ந்தபிறகு ஜன்னலோடு நாலு எட்டு வேகமாக நடந்து, "இன்னும் சொல்லல பேச்சி," என்றார். "சொல்லிருவேன்."

சென்னைத் துறைமுகத்துக்கு முதல் கப்பல் விடியும் முன்பே வந்துவிட்டதாகச் சொன்னார்கள். பேச்சியம்மாளும் சரிதாவும் எட்டு மணிக்கு ஹாலுக்குள் போனார்கள். போன்களைப் பூட்டி வைக்க வாங்கிக்கொண்டார்கள். ஹால் குளுகுளுவென்று இருந்தது. கொட்டகையில் கற்ற எல்லாமே அங்கே இருந்தது. மேசை, மெஷின், நிலை, திரை. ஆனால் தரை பளபளத்தது. தூரத்தில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒரு வெள்ளைச் சுவர்.

"கப்பல் எங்க நிக்குதுக்கா?" என்றாள் சரிதா.

"சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும்."

அங்கே இருந்த மேற்பார்வையாளர் ஜெகதீஷ் சிரித்தார். "அந்தச் சுவர்தாம்மா கப்பல்."

இரண்டு பேரும் குனிந்து கண்ணாடி வழியாக மேலே பார்த்தார்கள். சுவர் போய்க்கொண்டே இருந்தது. ஜன்னல், ஜன்னலுக்கு மேல் ஜன்னல், அதற்கு மேல் பால்கனி. முடிகிற இடம் தெரியவில்லை. கடலும் தெரியவில்லை.

பத்து மணியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். புதுச் சேலையின் மொடமொடப்பு, மருதாணி, கைக்குழந்தையின் பால் வாசம். தேனிலவுப் பெண்கள் கையைத் தூக்கி நின்று சிரித்தார்கள். ஒரு பாட்டி, தடவ விட்டுவிட்டு, பதிலுக்குப் பேச்சியம்மாள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள். இரண்டு பேனாக்கத்தி, ஒரு அரிவாள்மணை, நாலு பாட்டில் எடுத்து வைத்தாள். யாரிடமும் குரல் உயர்த்தவில்லை. மத்தியானம் எப்போது போனது என்று தெரியவில்லை. நாலரை மணிக்குக் கடைசிப் பயணி ஏறினார். மெஷினை நிறுத்தினார்கள். காதுக்குள் அதன் ஓசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க, வழியனுப்பலாம்," என்றார் ஜெகதீஷ்.

வெளியே வந்து, கப்பலை ஒட்டியிருந்த மேடை ஓரம் நின்றார்கள். எங்கோ மேலிருந்து ஒரு சங்கொலி கிளம்பி வயிற்றுக்குள் இறங்கியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுவர் நகர்ந்தது. சத்தமே இல்லாமல், ஒரு தெரு முழுக்க வீடுகளோடும் விளக்குகளோடும் எழுந்து போகிற மாதிரி, பக்கவாட்டில் நகர்ந்தது. பால்கனிகளில் நின்றவர்கள் கையசைத்தார்கள். காலையில் அவள் தொட்டு அனுப்பியவர்கள். அதன் முனை கடந்து போனதும், அது நின்றிருந்த இடத்தில், திரையை விலக்கினது மாதிரி கடல் இருந்தது.

இவ்வளவு நேரமும் பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறது.

போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளி கேட்டைத் தாண்டியபோது ஆறு மணி. சாலையோரத் தடுப்புச் சுவர் ஓரிடத்தில் தணிந்திருந்தது. அங்கே நின்றால் தண்ணீர் தெரிந்தது. சரிதாவைப் போகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள். ஒரே மணியில் மூர்த்தி எடுத்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஆயிரத்து எண்ணூறு பேரு."

"கை வலிக்கா?"

"கொஞ்சம்." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அங்க என்ன செய்திய?"

"குருபரப்பள்ளில ஒரு சின்ன யூனிட்டுல வரச் சொல்லியிருக்கான். ஒரு வாரம் பாத்துட்டுச் சொல்லுதானாம்." அவர் நிறுத்தினார். "பேச்சி, நேத்து சாயங்காலம் தர்ஷினிட்டச் சொல்லிட்டேன். எல்லாம். மலைக்கோயில் படி, டிசோசா, எல்லாம்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. புத்தகத்தத் தூக்கிட்டு வந்து அடுப்படில எம்பக்கத்துல உக்காந்துக்கிட்டா. இன்னைக்கும் அங்கதான் இருக்கா."

காற்றில் முந்தானை முகத்தில் அடித்தது.

"கப்பல் போயிட்டா?" என்றார்.

"போயிட்டு இருக்கு. ரொம்பத் தூரம் போயிட்டு."

"தெரியுதா இன்னும்?"

அவள் எட்டிப் பார்த்தாள். வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கோடு அழிந்துகொண்டிருந்தது. அதன் மேல் குன்றிமணி அளவுக்கு ஒரு வெளிச்சம்.

"ஒரு புள்ளி தெரியுது."

"அப்ப வைக்காத," என்றார் மூர்த்தி. "மறையுத வரைக்கும் லைன்லயே இரு."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப்பக்கம் அவர் மூச்சு கேட்டது, தர்ஷினி பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. புள்ளி நின்ற இடத்திலேயே நிற்பது போல் இருந்தது. கண்ணிமைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் சிறிதாகியிருந்தது.